மருந்தும் உழைச்செல்வானும்

மருத்துவம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவோர் இருவரே: நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர். ஆனால் திருவள்ளுவனார் இவ்விருவரோடு அமைந்தாரல்லர். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்னும் நால்வகை உறுப்புக்களும் கூடியதே மருத்துவம் என்று வரையறுத்தார். உழைச்செல்வான் என்பான் நோயாளியின் பக்கலில் நின்று, மருந்தினைப் பிழையின்றிச் சேர்ப்பிப்பவன்.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சிபுரத்தவர் என்பது வழிவழியாக வந்த செய்தி. அவர் இந்நான்கு உறுப்புக்கும் தனித்தனியே நந்நான்கு இலக்கணம் கூறிச் செல்கின்றார். நோயாளிக்கு அவர் கூறுவன: பொருள் உடையனாதல், மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. உழைச்செல்வானுக்குக் கூறுவனவோ, நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பனவாம். சிறப்புத் தமிழ் வகுப்பில் இவ்வுரையைப் படித்த நாளில், இஃது ஓர் அழகிய பகுப்பு என்று எண்ணியதேயன்றி, இதன்கண் ஓர் உயிரின் வாழ்வும் சாவும் அடங்கிக் கிடத்தல் கூடும் என்று யான் எண்ணினேனல்லேன். அதனை எனக்குக் கற்பித்தது எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி.

எங்கள் வீடு காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. விடியுமுன்னரே தெருவில் பாவு நீட்டிக் கட்டுவோரையும், பகலெல்லாம் வீடுதோறும் தறியோசையையும் கண்டும் கேட்டும் வளர்ந்தவன் யான். எங்கள் அண்டைவீட்டில் குழித்தறியில் பட்டு நெய்பவர் ஒருவர் உளர். உறவினர் அல்லரேனும், நினைவு தெரிந்த நாள்முதல் அவரைப் ‘பெரியப்பா’ என்றே அழைத்து வருகின்றேன். சென்ற ஆண்டில் அவருக்கு நீங்காத இருமலும் மாலைக்காய்ச்சலும் கண்டன. சளியைச் சோதித்து, நோய் காசம் என்று உறுதி செய்து, மருந்தும் இலவசமாகக் கொடுத்தனுப்பினர். மருந்து கொடுத்தவர் கூறியது, “காலையில் மூன்று மாத்திரை, ஆறு மாதம் நிறுத்தாதே” என்பது மாத்திரமே. பின்னால் பெருங்கூட்டம் நின்றது. அவர் மேலும் பேசுதற்கு நேரமில்லை.

ஒரு திங்கள் கழிந்தது. விடுமுறைக்கு வீடு சென்றிருந்த யான் பெரியப்பாவைக் காணச் சென்றேன். இருமல் குறைந்திலது, உடல் முன்னினும் மெலிந்திருந்தது. தறிக்கு மேலிருந்த மாடத்தில், விளக்குக்குப் பின்னே, மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. காரணம் கேட்டதற்கு நெடுநேரம் விடையிறுக்கவில்லை. இறுதியில் அருகில் அழைத்து, பெரியம்மாவின் செவியில் விழாதவாறு, “தம்பி, அந்த மருந்து உள்ளே இருக்கிற இரத்தத்தையெல்லாம் கரைத்து வெளியே தள்ளுகிறது. மூன்று நாள் சிறுநீர் செக்கச்செவேலென்று போயிற்று. இருமி இரத்தம் போவது போதாதா? இது வேறு போகவேண்டுமா?” என்றார்.

அது இரத்தமன்று. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து, உண்டாரது சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் செம்மஞ்சள் நிறமாக்கும் இயல்புடையது. அதனால் யாதொரு தீங்குமில்லை. மருந்தைக் கையில் கொடுத்தவர் இதனை ஒரு வாக்கியத்தில் கூறியிருப்பின், பெரியப்பா அம்மருந்தை விட்டிரார். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாமையால் ஒரு திங்கள் வீணாயிற்று. மருத்துவர் நோயைச் சரியாகவே கண்டார். மருந்தும் சரியான மருந்தே. நோயாளியும் பிழைக்க விரும்பியவரே. வள்ளுவர் கூறிய நான்கனுள் எது குறைந்தது என்பதை இப்போது அன்பர்கள் எளிதில் உணரலாம்.

நிற்க. மருந்து கொடுக்கப்படுதல் வேறு, மருந்து உண்ணப்படுதல் வேறு என்னும் இவ்வுண்மையை உலகுக்கு விளங்கக் காட்டிய ஆராய்ச்சிகளுள் தலைசிறந்த ஒன்று, காஞ்சியினின்று இரண்டு மணி நேரப் பயணத்தில் எய்தக்கூடிய சென்னைச் சேத்துப்பட்டில் நடந்ததாகும். அதனை நடத்திய குழுவின் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவ்வாராய்ச்சியின் வரலாற்றையும், அவர் வெளியிட்ட கட்டுரைகளின் சாரத்தையும், அவற்றால் நாம் கொள்ளற்பாலதையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்பதை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் வெளியிட்டார். காரணம் தெரிந்தும், அறுபதாண்டு காலம் அதனைக் கொல்லும் மருந்து கிடைத்திலது. தூய காற்று, நல்லுணவு, ஓய்வு என்னும் மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. அவற்றை அளிப்பதற்கென ஊர்ப்புறங்களில் சானடோரியங்கள் எழுந்தன. மிஷன் சங்கங்கள் பல ஒன்றுகூடி மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் அமைத்ததும், 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் நிறுவியதும் அவ்வகையினவே. பின்னர் 1940களில் ஸ்டிரெப்டோமைசினும், ‘பாஸ்’ எனப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952இல் ஐசோநயாசிடும் வந்தன. காசம் தீரும் நோயாயிற்று.

ஆயினும் மருந்து வந்த பின்னரும் நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்தே சிகிச்சை செய்தல் வேண்டும் என்பது மேனாட்டு மருத்துவர் பலரின் கொள்கை. நம் நாட்டிலோ நோயாளர் இலட்சக்கணக்கினர்; படுக்கைகள் சில ஆயிரமே. அக்கொள்கையை அப்படியே பின்பற்றினால், பெரும்பாலோர் படுக்கைக்காகக் காத்திருந்தே இறக்க நேரும். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன என்று வினவியவர்க்கு, “குடிசையில் நல்ல காற்றில்லை, சத்துள்ள உணவில்லை, ஓய்வில்லை, போதாக்குறைக்கு வீட்டிலுள்ளாரையும் நோய் பற்றுமே!” என்னும் மறுப்பு எழுந்தது. இருதரத்தாரும் கூறியவை கருத்துக்களேயன்றி, ஆராய்ந்து கண்ட முடிவுகள் அல்ல.

இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் ஒத்துழைத்தன. ஃபாக்ஸ் அதன் முதல் தலைவராய் வந்து 1961 வரை இங்குப் பணியாற்றினார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் அதே சேத்துப்பட்டில் நிலவுவது அம்மையத்தின் வளர்ச்சியே.

அவர்கள் செய்த முதல் ஆராய்ச்சி யாதெனின்: சென்னையின் ஏழைமக்களுள் நுரையீரற்காசம் முற்றியவர் 193 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். எவர் சானடோரியத்துக்குச் செல்வது, எவர் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்துகொள்ள விடவில்லை. குடவோலை எடுத்தாற்போலத் தற்செயல் முறையிலேயே அது முடிவு செய்யப்பட்டது. என்னை? மருத்துவர் தேர்ந்தெடுப்பின் நலிந்தவரை ஒருபுறமும் வலியவரை மறுபுறமும் தம்மையறியாமலே சேர்த்துவிடக் கூடும். அப்போது ஒப்பீடு பயனற்றதாகும். இருசாரார்க்கும் ஒரே மருந்து: பாஸும் ஐசோநயாசிடும் ஓராண்டு. வீட்டிலிருந்தார் வாரத்துக்கொருமுறை மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர்.

ஓராண்டு முடிவில் கண்டது என்ன? நோய்க்கிருமி அடங்கியவர், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தார் நல்ல உணவுண்டனர், ஓய்வு கொண்டனர், உடல் எடையும் மிகுதியாகக் கூடப்பெற்றனர். வீட்டிலிருந்தாரோ குறைந்த உணவுண்டு, நெருக்கமான வீடுகளில் வாழ்ந்து, பலர் வேலையும் செய்தனர். இவ்வளவு வேற்றுமையிருந்தும் நோய் தீர்ந்ததில் வேற்றுமை சிறிதே. வீட்டிலுள்ள ஏனையோரைப் பார்த்தபோது, நோயாளியை வீட்டில் வைத்திருந்தமையால் அவர்க்கு மிகுதியான தீங்கு நேர்ந்ததாகவும் தெரியவில்லை. மருந்து உட்சென்றபின் நோயாளி பிறர்க்குத் தொற்றவைக்கும் ஆற்றல் விரைவில் குன்றிவிடுகின்றது. வீட்டாரைப் பற்றும் தொற்றிற் பெரும்பகுதி, நோய் இன்னதென்று தெரிந்து மருந்து தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இம்முடிவுகள் வெளியாயின. காசநோய்ச் சிகிச்சை பற்றிய உலகின் கொள்கையே அதனால் மாறியது. சானடோரியத்தின் கதவு ஏழைக்குத் திறவாவிடினும், அவன் பிழைத்தற்கு வழியுண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

ஆனால் அம்முடிவுக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. வீட்டுச் சிகிச்சை வெல்வது, வீட்டிலிருப்பவன் மருந்தை உண்டால்தான். சானடோரியத்தில் செவிலியர் கண்முன் மருந்து உட்கொள்ளப்படும். வீட்டில் யார் காண்பார்? ஃபாக்ஸின் தனிச்சிறப்பு இவ்வினாவை ஒதுக்கிவிடாமல் அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டதாகும். 1958இலேயே, நோயாளர் தாமே மருந்துண்ணுதலில் உள்ள சிக்கலைப் பற்றி அவர் தனிக்கட்டுரை ஒன்று வெளியிட்டார். 1962இல் அப்பொருள் பற்றிப் பிறர் எழுதியவற்றையும் தொகுத்து ஆராய்ந்து மற்றொன்று வெளியிட்டார்.

பாஸ் என்னும் மருந்து எளிதில் உட்கொள்ளற்பாலதன்று. நாள்தோறும் பல கிராம் விழுங்கல் வேண்டும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். நோயாளி, “உண்டேன்” என்று கூறுவதையே நம்பியிராமல், சென்னை மையத்தார் இரண்டு வழிகளைக் கையாண்டனர். சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சியுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரையும் பெற்று வந்து சோதித்தனர். பாஸ் உண்டவரது சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் நிறம் மாறும். மருந்துண்ட செய்தியை நாவு மறைத்தாலும் நீர் மறையாது. கண்டது யாதெனின், மருந்தைத் தவறவிடுவோர் சிலரல்லர். அவர்கள் இன்னார்தாம் என்று முகம்பார்த்துச் சொல்லவும் இயலாது. கற்றாரும் விடுகின்றனர், கல்லாரும் விடுகின்றனர். பொய்யர் மட்டுமல்லர், நல்லோரும் விடுகின்றனர். இஃது ஏழைநாட்டின் குறையுமன்று. செல்வநாடுகளிலும் நாட்பட்ட நோயினர் தம் மருந்தை ஒழுங்காக உண்ணுதல் சராசரி பாதியளவே என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

ஏன் விடுகின்றனர்? காரணம் பல. முதலாவது, நோய் நீங்குமுன் நோயின் துன்பம் நீங்கிவிடுகின்றது. மருந்துண்ட சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், இருமல் குறையும். ஆனால் நுரையீரலுள் மெதுவாக வளரும் கிருமிகளும், உறங்குவனபோற் கிடக்கும் கிருமிகளும் எஞ்சியிருக்கும். அவற்றை அழித்தற்கே மாதங்கள் வேண்டும். உடல்நலமுற்றதாக உணர்பவன், “இனி மருந்து எதற்கு?” என்று வினவுதல் இயல்பே. இரண்டாவது, மருந்தே துன்பம் தருகின்றது: குமட்டல், நிறமாற்றம், கைகாலில் எரிச்சல், மூட்டுவலி. மூன்றாவது, வறுமை. மருந்து வாங்கச் செல்லும் நாளில் தறி நிற்கும். தறி நின்றால் கூலியில்லை. நான்காவது, நாணம். மருந்தட்டையைப் பிறர் கண்டால், “இவ்வீட்டில் காசம்” என்பர். மகளுக்கு வரன் தேடுங்காலத்தில் அச்சொல் பரவுதலைத் தந்தை அஞ்சுகின்றான்.

இக்காரணங்களோடு பரிமேலழகர் நோயாளிக்குக் கூறிய நான்கு இலக்கணங்களையும் ஒப்புநோக்குமின். பொருளுடைமை, சொல்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், துன்பம் பொறுத்தல். இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர் சிறுநீரைச் சோதித்துக் கண்ட இடர்ப்பாடுகள் இந்நான்கனுள்ளும் அடங்குகின்றன. அவற்றுள்ளும் பொருளுடைமையை அவர் முதற்கண் வைத்தமை வியக்கற்பாலது. பொருளில்லானை, “ஏன் சொல்வழி நின்றிலை?” என்று கடிதல் எளிது, அவன் நிற்றற்கு இடம் செய்துகொடுத்தலே அரிது.

மருந்தைப் பாதியில் விடுதலின் தீங்கு விட்டவனோடு ஒழிவதன்று. ஒரு மருந்தை மட்டும் உண்டாலும், இடையிடையே விட்டு உண்டாலும், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பிழைத்துப் பெருகும். அவை பிறரைப் பற்றினால், அப்பிறர்க்கும் அம்மருந்து பயன்படாது. ஒருவர் மாடத்தில் பிரிக்கப்படாது கிடக்கும் மாத்திரை, தெருவிலுள்ள மற்றொருவர்க்கு மருந்தில்லாமற் செய்துவிடக் கூடும்.

இதற்குச் சென்னை மையத்தார் கண்ட வழி இரண்டு பகுதியினது. மருந்தை நோயாளியின் கையில் ஒப்படையாமல், பணியாளர் கண்முன்னே உட்கொள்ளச் செய்தல் ஒன்று. நாள்தோறும் வருதல் அரிதாகலின், வாரத்துக்கு இருமுறை மட்டும் வந்து மருந்து பெறும் முறையை வகுத்தல் மற்றொன்று. ஸ்டிரெப்டோமைசினையும் ஐசோநயாசிடையும் வாரத்துக்கு இருமுறை கண்காணிப்பில் கொடுத்தல், நாள்தோறும் வீட்டில் தாமே உண்ணும் முறைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று என்பதை 1964இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் மெய்ப்பித்தனர். பிற்காலத்தில் ரிஃபாம்பிசின் வந்தது. சிகிச்சைக் காலம் ஆறு திங்களாகக் குறுகியது. அக்குறுகிய காலச் சிகிச்சையை ஆப்பிரிக்க நாடுகளில் ஆராய்ந்து நிலைநாட்டியதிலும் ஃபாக்ஸுக்குப் பெரும்பங்குண்டு. 1990களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்னும் பெயரால் உலகெங்கும் பரப்பிய நேரடிக் கண்காணிப்பு முறைக்குச் சேத்துப்பட்டில் ஊன்றிய விதையே மூலமாகும். ஃபாக்ஸ் 2010இல் மறைந்தார்.

இம்முறைக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். “நோயாளி குற்றவாளியோ? அவன் விழுங்குவதை ஒருவர் நின்று பார்த்தல் அவன் மானத்துக்கு இழுக்கன்றோ?” என்பது அவர்தம் வினா. இவ்வினா புறக்கணிக்கற்பாலதன்று. காவலனைப்போல் நின்று பார்ப்பது வேறு. தாய்போல் அருகிருந்து கொடுப்பது வேறு. செயல் ஒன்றே; உள்ளம் வேறு. ஆகவேதான் உழைச்செல்வானுக்கு இலக்கணம் கூறப்புகுந்த உரையாசிரியர், வன்மையையும் அறிவையும் பின்வைத்து, நோயாளியிடத்து அன்பை முன்வைத்தார் போலும்.

இனி, இக்காலத்து உழைச்செல்வான் யார் என்பதை நோக்குவோம். செவிலியர் ஒருவர், மருந்தாளுநர் மற்றொருவர். செவிலியரின் பெருமையைப் பாராட்டாதார் இலர். மருந்தாளுநரையோ நாம் பெரிதும் எண்ணுவதில்லை. நம் பாட்டனார் அவரைக் ‘கம்பவுண்டர்’ என்றழைத்தனர். மருத்துவர் எழுதிய சீட்டின்படி அரைத்தும் கலந்தும் புட்டியில் ஊற்றி, புட்டியின்மேல் வேளைக்கு ஓர் அளவு காட்டும் காகிதம் ஒட்டித் தருதல் அவர் தொழில். மருந்தெல்லாம் தொழிற்சாலையில் மாத்திரையாகவே செய்யப்பட்டு வரத் தொடங்கியபின், அரைத்தலும் கலத்தலும் ஒழிந்தன. எண்ணிக் கொடுத்தலே எஞ்சியது. அதற்கு இத்துணைக் கல்வி எதற்கு என்னும் ஐயமும் எழுந்தது.

இவ்வையத்துக்கு விடையாகவே ‘மருந்துவழிப் பராமரிப்பு’ என்னும் கொள்கை பிறந்தது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஹெப்லர், ஸ்டிராண்ட் என்னும் இருவர் எழுதிய கட்டுரை இதற்குத் தோற்றுவாய் எனலாம். மருந்தாளுநரின் கடமை மருந்தைக் கொடுப்பதோடு முடிவதன்று. அம்மருந்தால் நோயாளி எய்தக் கருதிய நன்மையை எய்தினாரா என்பதற்கும் அவர் பொறுப்பாளர் என்பது அதன் சாரம். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருந்தாளுநர் தொழில் ஒழுங்குபடுத்தப்பட்டது. 2008இல் ஆறாண்டுக் கல்வியாக ‘ஃபார்ம்.டி.’ என்னும் பட்டம் ஏற்பட்டது. அதனைக் கற்பார் மருத்துவமனையில் நோயாளர் படுக்கையருகே சென்று பயிலுதல் வேண்டும். 2015இல் வந்த தொழில்முறை விதிகள், மருந்து கொடுக்கும்போது நோயாளிக்கு அதனைப் பற்றி எடுத்துரைத்தலையும் மருந்தாளுநர் கடமையாக்கின. ஏட்டில் உள்ள இவ்விதி மருந்துக்கடைப் பலகைக்கு இப்பால் நிற்பவர் செவிக்கு எட்டும் நாளே, உழைச்செல்வான் மீண்டும் தன் இடத்தைப் பெற்ற நாளாகும்.

எடுத்துரைக்க வேண்டுவன மிகுதியுமல்ல. இம்மருந்து எதற்கு, எப்பொழுது, எவ்வளவு, வெறும் வயிற்றிலா, உணவுக்குப் பின்னா, எத்தனை நாள், உண்டால் என்ன மாற்றம் தோன்றும், அவற்றுள் எதற்கு அஞ்ச வேண்டா, எதற்கு உடனே வரவேண்டும், ஒருவேளை தவறினால் என் செய்வது. இவற்றைக் கூறியபின், “நீங்கள் எவ்வாறு உண்பீர்கள், எனக்குச் சொல்லுங்கள்” என்று நோயாளியின் வாயாலேயே கேட்டறிதல் வேண்டும். பாடம் சொன்ன ஆசிரியர் மாணாக்கனை ஒப்புவிக்கச் சொல்லுதல் போன்றதே இதுவும். இவ்வளவும் செய்தற்குச் சில நிமிடங்கள் போதும். அச்சில நிமிடங்களைத் தருதற்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆள் வைப்பது, தனிப்பட்ட மருந்தாளுநரின் கையிலுள்ளதன்று. நிறுவனங்களின் கையிலும் அரசின் கையிலும் உள்ளது. பெரியப்பாவுக்கு மருந்து கொடுத்தவரை யான் குறைகூறாமைக்குக் காரணம் இதுவே.

தடுப்பூசியால் இந்நோயை வாராமலே தடுத்துவிடலாகாதோ என்று கேட்பாரும் உண்டு. காஞ்சிபுரம் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியில், 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய மாபெரும் ஆராய்ச்சி தொடங்கிற்று. வயதுவந்தோர்க்கு வரும் நுரையீரற்காசத்தை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அது கண்ட முடிவு. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசவகைகளினின்று காத்தற்கு அஃது இன்றும் போடப்படுகின்றது. ஆயினும் வளர்ந்தார் நோய்க்கு மருந்தையே நம்பியிருக்கின்றோம். உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்னும் நிலையில், மருந்தைச் சரியாக உண்பித்தல் நமக்குச் சிறுபொருள் ஆகாது.

அண்மைக்காலத்தில் தமிழ்நாட்டில் நிகழ்ந்துவரும் ஒரு முயற்சியையும் ஈண்டுக் குறித்தல் தகும். வீட்டிலேயே நோய் தீரும் என்னும் 1959ஆம் ஆண்டு முடிவு பெரும்பாலார்க்குப் பொருந்துமாயினும், மிக மெலிந்து, மூச்சுத் திணறி, எழுந்து நிற்கவும் இயலாதவர்க்குப் பொருந்தாது. அத்தகையோர் நோய் தெரிந்த சில வாரங்களிலேயே இறந்துபடுகின்றனர். 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நோய் தெரிந்த அன்றே ஒவ்வொருவரின் எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து, நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றது. யாவர்க்கும் படுக்கை என்பதும் பிழை. யாவர்க்கும் வீடு என்பதும் பிழை. பார்த்துப் பகுத்தலே முறை. மேலும் நோயாளர் உணவுக்காக 2018 முதல் அரசு திங்கள்தோறும் உதவிப்பணம் அளித்து வருகின்றது. தொடக்கத்தில் 500 ரூபாயாயிருந்த அத்தொகை 2024இல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பரிமேலழகர் முதற்கண் வைத்த பொருளுடைமைக்கு இது சிறியதொரு தொடக்கம்.

பெரியப்பாவின் கதையை முடித்தல் வேண்டும். யான் அவ்வட்டைகளுள் ஒன்றை எடுத்துச் சென்று எங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளராகிய ஓர் அம்மையாரிடம் காட்டினேன். அவர் அன்று மாலையே வந்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். தறிக்குழியின் ஓரத்திலேயே அமர்ந்து, நிறம் மாறுவது மருந்து உட்சென்றதற்கு அடையாளம் என்றும், நிறம் மாறாவிடின்தான் அஞ்சவேண்டும் என்றும் கூறினார். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் காலை மருந்து தொடங்கினார். பின்னர் ஒரு நாள் பாதத்தில் எரிச்சல் கண்டபோது, மிதியை மிதிக்கும் கால் என்னாகுமோ என்று அஞ்சியவர், இம்முறை மருந்தை மறைத்து வைக்கவில்லை, அம்மையாரிடம் கூறினார். அதற்கும் எளிய மாற்று இருந்தது. நோய்நிலை உணர்த்துதல் நோயாளியின் இலக்கணம் என்பது உண்மையே. ஆனால் உணர்த்துதற்கு ஒருவர் செவி வேண்டுமன்றோ?

தை பிறந்தபோது அவர் சிகிச்சை முடிந்தது. இன்று முன்போலவே நெய்கின்றார். ஆயினும் வீட்டார் அனைவரையும் சோதித்தபோது, அவருடைய இளைய மகளையும் கிருமி தொற்றியிருந்தமை தெரிந்தது. அவள் எட்டாம் வகுப்பில் படிக்கின்றாள். நோயாகுமுன்னரே தடுப்பு மருந்து உண்டு நலமாயிருக்கின்றாள். நோய் தெரியுமுன்னரே தொற்றியதோ, மருந்து மாடத்தில் கிடந்த அந்த ஒரு திங்களில் தொற்றியதோ, யாரும் கூறவியலாது. பெரியப்பா மட்டும் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. அவர் பேசாமையே அவ்வொரு திங்களின் விலையை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

காஞ்சிப் பட்டின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, இழைக்கு இழை பின்னி இணைப்பதைக் கோர்வை என்பர். உடல் எத்துணை அழகியதாயினும், கரை எத்துணை விலையுயர்ந்த சரிகையாயினும், கோர்வை விட்ட சேலையை எவரும் கொள்ளார். மருத்துவரின் அறிவும் மருந்தின் ஆற்றலும் நோயாளியின் வாழ்வோடு பொருந்துமிடம் அத்தகையதோர் இடம். அவ்விடத்தில் நிற்பவரே உழைச்செல்வான்.

நம்முள் மருத்துவராகவோ மருந்தாளுநராகவோ ஆவோர் சிலரே. ஆயினும் எழுதப்படிக்க அறிந்த நாம் ஒவ்வொருவரும், நம் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோர் ஒருவரது மருந்தட்டையை எடுத்து, அதிலுள்ளதைப் படித்துச் சொல்லி, “உண்டீர்களா? உண்டபின் எப்படி இருந்தது?” என்று கேட்டல் கூடும். இவ்விடுமுறையில் வீடு செல்லும் அன்பர்கள், மாடத்து விளக்கின் பின்புறத்தையும் ஒருமுறை பார்ப்பார்களாக.